வீட்ல ஒருத்தருக்கு பிபி மாத்திரை ஆரம்பிச்சாச்சா? பிஹெச்சி-ல பதிஞ்சு மாசாமாசம் விடாம வாங்கறது எப்படி

அப்பா அம்மா ஊர்ல இருக்காங்க, நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலையில இருக்கீங்க, திடீர்னு ஒருநாள் போன் பண்ணி "பிபி இருக்காம், மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க"ன்னு சொல்றாங்க. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இத எழுதறேன். எங்க அப்பாவ திருச்சி மாவட்டத்துல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியிலேருந்து கவர்மெண்ட் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (அதான் பிஹெச்சி) மாத்தறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. வேலை கஷ்டம்னு இல்ல, எத முதல்ல செய்யணும் எத அப்புறம் செய்யணும்னு ஒருத்தரும் வரிசையா சொல்லல, அதான்.

நான் டாக்டர் இல்ல. எந்த மாத்திரை, எவ்ளோன்னு முடிவு பண்றது டாக்டர். அதச் சுத்தி இருக்கற பேப்பர், செலவு, நேரம், அலைச்சல் இதெல்லாம்தான் இங்க. பிபி மாத்திரைங்கறது ஒரு கோர்ஸ் முடிச்சிட்டு விடற விஷயம் இல்ல, பெரும்பாலானவங்களுக்கு வருஷக்கணக்கா ஓடும், அதனால இந்த மாசம் எங்க மலிவா கிடைக்குதுங்கறத விட பன்னெண்டு மாசமும் அறுபடாம எங்க கிடைக்கும்னு பாருங்க.

1. முதல்ல அளவு சரிதானான்னு உறுதி பண்ணுங்க

ஒரே ஒரு தடவை மெஷின்ல 150 காட்டிச்சுன்னு உடனே ஆயுசுக்கும் மாத்திரைன்னு யாரும் ஆரம்பிக்கக் கூடாது, அதே மாதிரி ஒரு தடவை 130 காட்டிச்சுன்னு நிறுத்தவும் கூடாது. ஆஸ்பத்திரியில வெவ்வேறு நாள் பாத்து 140/90-க்கு மேலயே இருந்தா அது பிபி. வீட்ல நிதானமா எடுக்கறப்போ அந்தக் கோடு கொஞ்சம் கீழ, 135/85.

வீட்டு மெஷின் வாங்கறதா இருந்தா மேல் கையில கட்டற டைப்பா வாங்குங்க, மணிக்கட்டுல கட்டறது வேணாம். நல்ல கம்பெனி மெஷின் சுமார் 1,500-லேருந்து 2,500 ரூபாய்க்குள்ள கிடைக்குது. வாங்கறப்போ எல்லாரும் கவனிக்காம விடறது அந்தக் கைப்பட்டை சைஸ். குண்டான கைக்கு சின்னப் பட்டை கட்டினா பிபி இல்லாதவங்களுக்கும் கூட காட்டும். பட்டை மேல எந்த சுத்தளவுக்குன்னு சென்டிமீட்டர்ல போட்டிருக்கும், தையல் டேப் எடுத்து கைய அளந்துட்டு கடைக்குப் போங்க.

எடுக்கற முறை: அரை மணி நேரம் முன்னாடியே காபி, டீ, பீடி சிகரெட் கிடையாது. பாத்ரூம் போய்ட்டு வந்துடணும். சேர்ல முதுகு சாஞ்சு, கால் ரெண்டும் தரையில, காலு மேல கால் போடாம அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். கைய டேபிள் மேல நெஞ்சு உயரத்துக்கு வைக்கணும். சட்டைக் கை மேல கட்டக் கூடாது. பேசக் கூடாது, இதுதான் எங்க வீட்ல நடக்காத காரியம், மெஷின் காத்து ஏத்தறப்பதான் அப்பாவுக்கு பக்கத்து வீட்டு வாய்க்கா தகராறு ஞாபகம் வரும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவையும் எடுத்து ரெண்டையும் எழுதுங்க. இப்படி காலை சாயங்காலம் ஏழு நாள் எடுத்து, முதல் நாள் கணக்க விட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி போட்டா, டாக்டர் கையில குடுக்க அத விட நல்ல ஆதாரம் கிடையாது. முதல் தடவை மட்டும் ரெண்டு கையிலயும் பாருங்க, எந்தக் கையில கூடுதலா காட்டுதோ இனிமே எப்பவும் அந்தக் கை.

180/120 அளவுக்கு மேல காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சு வாங்கறது, வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுந்து போறது, பேச்சு குழறறது, கண் மங்கறது, தாங்க முடியாத தலைவலி இதுல ஏதாவது இருந்தா நோட்டு போடற வேலையே வேணாம், 108 கூப்பிடுங்க. அளவு குறைவா இருந்தாலும் இந்த அறிகுறி வந்தா 108 தான்.

2. பேப்பர் எல்லாம் ஒரே கவர்ல

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கவர் வாங்கி இதெல்லாம் உள்ள போடுங்க:

- ஆதார் ஒரிஜினல், ஒரு ஜெராக்ஸ்
- ஆதார்ல இணைச்ச நம்பர் இருக்கற போன் (சார்ஜோட)
- பழைய மருந்துச் சீட்டு எல்லாம், கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்ல
- இப்ப சாப்பிடற எல்லா மாத்திரையோட காலி அட்டையும், சுகர், தைராய்டு, முட்டிவலி மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம் சேத்து
- கடைசியா எடுத்த ரத்த டெஸ்ட், ஈசிஜி
- வீட்ல எழுதின பிபி நோட்டு

போன் ஏன்னா, இப்ப பதியறப்போ ஆபான்னு ஒரு 14 இலக்க ஹெல்த் ஐடி போட்டுத் தர்றாங்க, அதுக்கு ஓடிபி வரும். பாதி வீட்ல ஆதார்ல இருக்கற நம்பர் பிள்ளையோடது, பிள்ளை ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்பான், ஓடிபி செத்துப் போயிடும், பெரியவர் ஜன்னல் முன்னாடி நின்னுட்டு இருப்பாரு. அன்னைக்கு காலையில போனைக் கையில வெச்சிருங்க. ஆபா கட்டாயம் இல்ல, விருப்பம்தான், ஓடிபி வரலைங்கறதுக்காக மாத்திரை வாங்காம திரும்பி வராதீங்க, "ஐடி அடுத்த தடவை போட்டுக்கறோம் மேடம், இப்ப பாத்துடுங்க"ன்னு சொல்லுங்க.

இன்னொரு குழப்பம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அது ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி செய்யற சிகிச்சை, ஆபரேஷனுக்கு. மாசா மாசம் வாங்கற பிபி மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அட்டை இல்லைன்னாலும் பிஹெச்சி-ல மாத்திரை கிடைக்கும். அட்டை எடுக்கறதுக்காக வருமானச் சான்றுக்கு அலைஞ்சு மாத்திரைய ஒரு மாசம் தள்ளிப் போட்டவங்கள எனக்கே தெரியும்.

3. மாத்திரை அட்டைக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிங்க

இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க. பிரைவேட்ல எழுதித் தர்றது பிராண்டு பேரு. பிஹெச்சி-லயும் மலிவு மருந்தகத்துலயும் கிடைக்கறது உள்ள இருக்கற மருந்தோட பேர்ல. "டெல்மா இருக்கா"ன்னு கேட்டா "இல்ல"ன்னு பதில் வரும், "டெல்மிசார்ட்டன் 40 இருக்கா"ன்னு கேட்டா அதே ஜன்னல்ல கிடைக்கும். அதனால வீட்ல இருக்கற ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பொடி எழுத்துல இருக்கற பேரையும் எத்தன மி.கி.ன்னும் ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, கண்ணு தெரியலைன்னா போன்ல போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க.

சாதாரணமா பாக்கறது இதெல்லாம். ஸ்டாம்லோ, அம்லாங் உள்ள இருக்கறது அம்லோடிபின். டெல்மா உள்ள டெல்மிசார்ட்டன். லோசார்னா லோசார்டன். என்வாஸ்னா எனலாப்ரில். ஏட்டென்னா அட்டெனலால். சிலாகார்னா சில்னிடிபின்.

பேருக்குப் பின்னாடி வர்ற எழுத்துலதான் வினையே. டெல்மா ஏஎம்னா டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேந்தது. டெல்மா ஹெச்னா கூட ஹைட்ரோகுளோரோதயசைடுங்கற நீர் மாத்திரை. பேர் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், அட்டை கலர் கூட கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், மருந்து வேற.

இங்க நடக்கற பெரிய ஆபத்த சொல்றேன். வீட்ல ஏற்கனவே ஏஎம் மாத்திரை மிச்சம் இருக்கு. பிஹெச்சி-ல டாக்டர் அம்லோடிபின் தனியா, டெல்மிசார்ட்டன் தனியான்னு ரெண்டு அட்டை குடுக்கறாங்க, ஏன்னா அங்க பெரும்பாலும் தனித்தனியாத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து "பழசு வீணாப் போகுதே"ன்னு அதையும் போட்டு புதுசையும் போட்டா ஒரே மருந்து ரெண்டு மடங்கு உள்ள போகுது. வயசானவங்க காலையில எந்திரிக்கறப்போ தலை சுத்தி பாத்ரூம்ல விழறது இப்படித்தான். இடுப்பெலும்பு முறிஞ்சா அது பிபிய விடப் பெரிய கதை. புதுசு ஆரம்பிச்ச அன்னைக்கே பழச எடுத்து வேற டப்பாவுல போட்டு கண்ணுக்குத் தெரியாம வைங்க.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சேட்டை உண்டு, தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பயம் இருக்காது:

அம்லோடிபின் சாப்பிடற சிலருக்கு கணுக்கால் வீங்கும், சாயங்காலம் செருப்பு இறுக்கும். உடனே கிட்னி போச்சுன்னு அலற வேணாம், ஆனா டாக்டர்கிட்ட காட்டணும், அளவு குறைப்பாங்க இல்ல மாத்துவாங்க. எனலாப்ரில், ராமிப்ரில் வகையில சிலருக்கு வறட்டு இருமல் வரும், சளி இருக்காது, நிக்கவும் நிக்காது, அதுக்கு இருமல் டானிக் பாட்டில் பாட்டிலா குடிக்கறது வீண், மாத்திரைய மாத்தினாத்தான் போகும். இந்த வகையில அபூர்வமா உதடு, நாக்கு, முகம் வீங்கும், அது அவசரம், உடனே ஆஸ்பத்திரி. டெல்மிசார்ட்டன், லோசார்டன், எனலாப்ரில் எல்லாம் ரத்தத்துல பொட்டாசியத்த ஏத்தலாம். நீர் மாத்திரை உப்புச் சத்தக் குறைச்சு பெரியவங்களுக்கு அசதி, தடுமாற்றம் குடுக்கலாம், அத காலையிலயே போட்டுடணும், ராத்திரி போட்டா விடிய விடிய பாத்ரூம்தான். அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரைய ஒரே நாள்ல படக்குன்னு நிறுத்தவே கூடாது, நெஞ்சு படபடப்பு, வலி வரைக்கும் போகும்.

கல்யாணம் ஆகி குழந்தைக்கு எதிர்பாத்துட்டு இருக்கற பொண்ணுங்களுக்கு பிபி இருந்தா அத டாக்டர்கிட்ட வாயத் திறந்து சொல்லுங்க. டெல்மிசார்ட்டன், லோசார்டன், எனலாப்ரில் வகை கர்ப்பத்துல ஆகாது, குழந்தையப் பாதிக்கும். கர்ப்பத்துக்குன்னு வேற மாத்திரை இருக்கு.

4. பிஹெச்சி-ல முதல் நாள்

முதல் நாள் அரை நாள் போகும்னு மனசுல வெச்சுட்டு கிளம்புங்க. பிஹெச்சி ஓபி பொதுவா காலை 9 மணிக்கு ஆரம்பிக்கும். கூட்டம் பத்தரை பதினொண்ணுக்குத்தான் உச்சம், எட்டேமுக்காலுக்கே போய் உக்காந்தா சீக்கிரம் முடியும். உங்க ஊர்ல சுகர் பிபிக்குன்னு தனி நாள் வெச்சிருக்காங்களான்னு முந்தின நாளே யாரையாவது விட்டுக் கேளுங்க, தெரியலைன்னா 104-க்கு போன் பண்ணலாம், அது அரசு சுகாதார உதவி எண்.

வரிசை இப்படிப் போகும்: ஓபி சீட்டு போடற இடம், அப்புறம் என்சிடி நர்ஸ் டேபிள் (சுகர் பிபிக்கு தனியா ஒரு நர்ஸ் இருப்பாங்க, போர்டு பாருங்க), அப்புறம் டாக்டர், லேப், திரும்ப டாக்டர், கடைசியா மருந்து ஜன்னல். என்சிடி டேபிள விட்டுட்டு நேரா பொது டாக்டர் வரிசையில நின்னா சளி காய்ச்சல் மாதிரி மூணு நாள் மாத்திரையோட அனுப்பி வெச்சிடுவாங்க. "பிபிக்குப் பதியணும், மாசாமாசம் வாங்கணும்"ன்னு நர்ஸ்கிட்ட தெளிவா சொல்லுங்க, ஒரு நோட்டோ கார்டோ போட்டுத் தருவாங்க. அது தொலைஞ்சா திரும்பப் பதியறதுக்குள்ள பாதி உசுரு போகும், அன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க.

செலவுன்னு பாத்தா பஸ் காசுதான். டாக்டர், மாத்திரை, அங்க இருக்கற டெஸ்ட் எதுக்கும் பணம் கிடையாது.

ஒரு பொறி இருக்கு. வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு சொன்னா நிறைய பேர் பிபி மாத்திரையையும் போடாம வந்துடறாங்க. அங்க வந்து நிக்கறப்போ 170 காட்டும், டாக்டர் இருக்கற மாத்திரை போதலைன்னு நினைச்சு ஏத்தி எழுதிடுவாங்க. டாக்டர் வேற மாதிரி சொல்லலைன்னா பிபி மாத்திரைய வழக்கமான நேரத்துக்கு ஒரு மடக்கு தண்ணியில போட்டுட்டுத்தான் போகணும். சுகர் மாத்திரையும் இன்சுலினும் மட்டும்தான் சாப்பாடு இல்லாம போடக் கூடாது, ரத்தம் குடுத்துட்டு டிபனோட போட்டுக்கலாம், கையில ரெண்டு இட்லி கட்டிட்டுப் போங்க.

நர்ஸ் பிபி பாக்கறப்போ வேகமா நடந்து வந்த உடனே பாத்தா, "சிஸ்டர், இப்பத்தான் வந்தோம், அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு பாக்கலாமா"ன்னு மரியாதையாக் கேளுங்க. கோச்சுக்க மாட்டாங்க. எங்க அப்பாவுக்கு பாத்தவங்க, "ஐயா, கைய டேபிள் மேல வைங்க, என்னையப் பாக்காதீங்க, சுவத்தப் பாருங்க"ன்னு அவங்களாவே ரெண்டு நிமிஷம் உக்கார வெச்சாங்க, 166-ன்னு வந்தது 148-க்கு எறங்கிச்சு.

மருந்து ஜன்னல விட்டு நகர்றதுக்கு முன்னாடி அட்டைய எண்ணுங்க. 30 நாளுக்குன்னு எழுதியிருந்தா 30 இருக்கான்னு பாத்து, ஒவ்வொண்ணும் காலையா ராத்திரியான்னு அங்கயே கேட்டு மார்க்கர்ல அட்டை மேலயே எழுதிடுங்க. அங்க அவங்க "காலை ஒண்ணு"ன்னு வேகமா சொல்றது பின்னாடி நிக்கறவங்க சத்தத்துல காதுல விழாது. மி.கி. பாருங்க, முன்ன 40 சாப்பிட்டவருக்கு 20 அட்டை வந்திருந்தா ரெண்டா போடச் சொல்றாங்களான்னு கேளுங்க.

"ஓசி மாத்திரைக்கு பவர் இருக்காது"ன்னு சொந்தக்காரங்க யாராவது கட்டாயம் சொல்வாங்க. அரசு சப்ளை மாத்திரை தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியா, லேப்ல சாம்பிள் டெஸ்ட் பண்ணித்தான் வருது. அப்படியும் மனசு கேக்கலைன்னா வாக்குவாதம் வேணாம், மாத்தினதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் வீட்ல அளவு எடுத்து எழுதுங்க, நோட்டு சொல்லட்டும்.

5. மாத்திரைக்கு டைம் குடுங்க

இன்னைக்கு போட்டு நாளைக்கே 120 வராது. அம்லோடிபின் மாதிரி மாத்திரை முழுசா வேலை செய்யவே ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். முதல் வாரத்துலயே குறையலைன்னு வேற டாக்டர், அவர் வேற பிராண்டு, மூணாவது ஆள் இன்னொண்ணுன்னு போனா எது கேட்டுச்சு எது கேக்கலைன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். ஆரம்பிச்சு இல்ல அளவு மாத்தி நாலு வாரத்துக்குள்ள நோட்டோட திரும்பக் காட்டறதுதான் கணக்கு. நிறைய பேருக்கு ஒரு மாத்திரை பத்தாது, ரெண்டு வகை தேவைப்படும், அதப் பாத்து நோய் முத்திடுச்சுன்னு பயப்படத் தேவையில்ல.

ஆரம்பத்துல கேட்டு எடுத்துக்க வேண்டிய டெஸ்ட்: கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட்), பொட்டாசியம், சோடியம், சுகர், கொழுப்பு, யூரின்ல புரோட்டீன், ஒரு ஈசிஜி. டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் வகையோ நீர் மாத்திரையோ புதுசா ஆரம்பிச்சா ரெண்டுலேருந்து நாலு வாரத்துல கிரியாட்டினினும் பொட்டாசியமும் இன்னொரு தடவை பாக்கணும், இத சொல்ல மறந்துடறாங்க, நீங்களே கேளுங்க. அப்புறம் எல்லாம் சரியா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை. பிஹெச்சி லேப்ல எல்லா டெஸ்ட்டும் இருக்காது, இல்லாததுக்கு ஜிஹெச்சுக்கு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்க, வெளிய பிரைவேட் லேப்ல முழு பேக்கேஜ்னு ஆயிரக்கணக்குல போறதுக்கு முன்னாடி தேவையானத மட்டும் தனித்தனியா விலை கேளுங்க.

6. வீட்டுக்கே வர வைக்கறது

மக்களைத் தேடி மருத்துவம்னு (சுருக்கமா எம்டிஎம்) 2021 ஆகஸ்ட்லேருந்து ஓடுற திட்டம், சுகாதாரத் தன்னார்வலர் அக்கா ஒருத்தங்க உங்க தெருவுக்கு இருப்பாங்க, பிபி சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க, மெஷின் வெச்சு அளவும் பாப்பாங்க. ஆனா அவங்களா மாத்திரை ஆரம்பிக்க மாட்டாங்க, மாத்தவும் மாட்டாங்க. முதல்ல பிஹெச்சி-ல பதிவு, டாக்டர் சீட்டு, அதுக்கப்புறம்தான் அந்த லிஸ்ட்ல பேர் ஏறும். இந்த வரிசை தெரியாமத்தான் "அந்தம்மா எங்க வீட்டுக்கு வர்றதே இல்ல"ன்னு எல்லாரும் குறை சொல்லிட்டு இருப்பாங்க.

என்சிடி நர்ஸ்கிட்ட "எங்க ஏரியாவுக்கு எம்டிஎம் யாரு"ன்னு கேட்டு நம்பர் வாங்கி, அவங்க நம்பர அப்பா போன்ல, அம்மா போன்ல, உங்க போன்ல மூணுலயும் ஏத்துங்க. காட்டு வேலைக்கு, நூறு நாள் வேலைக்குப் போறவங்க பகல்ல வீட்ல இருக்க மாட்டாங்க, பூட்டுன கதவப் பாத்துட்டு அவங்க போயிடுவாங்க, எத்தன மணிக்கு ஆள் இருப்பாங்கன்னு சொல்லி வைங்க. மாத்திரை வாங்கிட்டா போதும்னு அளவு பாக்காம விட்டுடாதீங்க, "அக்கா பிபி பாத்துட்டுப் போங்க"ன்னு கேட்டா பாப்பாங்க. வீட்டுக்கு வந்தாலும் டாக்டர நேர்ல பாக்கறத மொத்தமா விட்டுடக் கூடாது, அளவு ஏறினா கண்டிப்பா போகணும்.

அறுபடற இடம் எதுன்னா கடைசி அஞ்சு நாள். மாத்திரை தீர்ற அன்னைக்கு கிளம்பினா அன்னைக்கு லீவா இருக்கும், பொங்கலா இருக்கும், ஸ்டாக் வந்திருக்காது. கேலண்டர்ல தீர்ற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி வட்டம் போடுங்க, அன்னைக்கு பாக்கி எண்ணி போன் பண்ணச் சொல்லுங்க. அப்பா அம்மா பேரன் பேத்தியப் பாக்க உங்க வீட்டுக்கு ரெண்டு மாசம் வர்றாங்கன்னா முன்னாடியே சொல்லி கூடுதலா கேட்டுப் பாருங்க, தர முடியலைன்னா அந்த நோட்ட எடுத்துட்டு உங்க ஏரியா நகர்ப்புற சுகாதார நிலையத்துல காட்டுங்க.

7. ஸ்டாக் இல்லைன்னா

ஒருநாள் கூட விடாம வெளிய வாங்கிடுங்க, ஆனா நேரா பெரிய மெடிக்கல் போக வேணாம். மத்திய அரசோட மக்கள் மருந்தகம் (ஜன் ஔஷதி), 2025 பிப்ரவரியில தமிழ்நாட்டு அரசு திறந்த முதல்வர் மருந்தகம், இந்த ரெண்டுலயும் ஜெனரிக் (பிராண்டு இல்லாம மருந்து பேர்லயே வர்ற மாத்திரை) இருக்கும். பிராண்டு கடையில சேந்த மாத்திரை ஒண்ணே பத்து ரூபாய் தாண்டுது, இங்க அம்லோடிபின் 5, டெல்மிசார்ட்டன் 40 மாதிரி சாதாரணமானது பத்து மாத்திரை அட்டையே இருபது ரூபாய்க்குள்ள முடியும். சீட்டு கட்டாயம் எடுத்துட்டுப் போங்க. சீட்டு பிராண்டு பேர்ல இருந்தா, மூணாவது பகுதியில சொன்ன மாதிரி நீங்க எழுதி வெச்ச பேப்பரையும் சேத்துக் காட்டுங்க. "இது இல்ல, அதே மாதிரி வேற இருக்கு"ன்னு சொன்னா அட்டையத் திருப்பிப் பாருங்க, பேரும் மி.கி.யும் அப்படியே இருந்தா வாங்கலாம், ஒரு எழுத்து கூடுதலா இருந்தாலும் டாக்டருக்கு போன்.

8. மாத்திரைய கெடுக்கற சாமான்

முட்டிவலிக்கு கடையில சொல்லி வாங்கற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் பிபிய ஏத்தும், பிபி மாத்திரை வேலையையும் குறைக்கும், டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடறவங்க கிட்னிக்கு அது ரொம்ப ஆபத்து. மூக்கடைப்புக்குக் குடுக்கற சளி மாத்திரையும் அப்படித்தான், பிபி இருக்குன்னு சொல்லி வாங்குங்க. இருமலுக்கு அதிமதுரம் நல்லதுன்னு தினமும் வாயில போட்டுக்கறவங்க இருக்காங்க, தொடர்ந்து சாப்பிட்டா பிபி ஏறும். "இந்துப்புக்கு மாத்திட்டோம்"னு சந்தோஷப்படாதீங்க, அதுவும் உப்புதான். குறைஞ்ச சோடியம்னு பாக்கெட்ல விக்கற உப்புல பொட்டாசியம் இருக்கு, கிட்னி பிரச்சனை இருக்கறவங்களும் டெல்மிசார்ட்டன் வகை சாப்பிடறவங்களும் டாக்டரக் கேக்காம தொடக் கூடாது.

உப்பு நாளைக்கு அஞ்சு கிராமுக்குக் கீழ, அதாவது எல்லாம் சேத்து ஒரு டீஸ்பூன். குழம்புல உப்பக் குறைச்சிட்டு பக்கத்துல அப்பளம், ஊறுகா, மோர்மிளகா, கருவாடு வெச்சா கணக்கு எங்க வரும்? எங்க வீட்ல சண்டையே மோர்மிளகாய்க்குத்தான். நான் ஊர்ல இருக்கற வரைக்கும் டப்பா மேல்தட்டுல இருக்கும், பஸ் ஏறினதும் எறங்கிடும்.

வாந்தி பேதி ஆகி ஒண்ணும் சாப்பிட முடியாத நாள்ல டெல்மிசார்ட்டன் வகையும் நீர் மாத்திரையும் வழக்கம்போல போடலாமான்னு டாக்டருக்கு அன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க. ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடணும், ரெண்டா சேத்துப் போடக் கூடாது.

"இப்ப நார்மல் ஆயிடுச்சே, நிறுத்திடலாமா"ன்னு மூணாவது மாசம் ஒரு கேள்வி வரும். மாத்திரை போடறதாலதான் நார்மலா இருக்கு. எடை குறைஞ்சு, நடை பழகி, தொடர்ந்து அளவு கீழயே இருந்தா டாக்டரே படிப்படியா குறைப்பாங்க.

9. அலமாரிக் கதவுல ஒரு தாள்

பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்க: மருந்து பேர், மி.கி., எந்த வேளை, எந்த மாத்திரை ஒத்துக்காது, தன்னார்வலர் நம்பர், பிஹெச்சி நோட்டு நம்பர், 104, 108. அதையே போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டு பின் பண்ணுங்க. மாத்திரை மாறின அன்னைக்கே பழைய தாளக் கிழிச்சிட்டு புதுசு ஒட்டணும், ரெண்டு தாள் ஒரே கதவுல இருக்கவே கூடாது. ஊருக்கு பஸ்ல ட்ரெயின்ல போறப்போ மாத்திரை கவர் கைப்பையில, லக்கேஜ்ல வேணாம். வெளிநாட்டுக்கு பிள்ளைய பாக்கப் போறவங்க அட்டைய வெட்டி டப்பாவுல கொட்டாம முழு அட்டையா, டாக்டர் சீட்டோட எடுத்துட்டுப் போங்க.